மொட்டைக்கு இலவசம்

பொன்னுத்தாய் நின்ற வாசலில் யாரும் பொய் சொல்லி உள்ளே போனதில்லை. அவளுக்குத் தெரிந்து போனதில்லை என்று வேண்டுமானால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பதினோரு வருஷமாக ஒரே வாசலில், ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவளுக்குத் தெரியாமல் என்ன நடந்துவிடும்?

பெருமாள்மலையைத் தாண்டி, கொடைக்கானல் ரோட்டில், தேன்மலைப் பூங்கா என்று ஒன்று. பெரிய ஊர்களில் இருக்கிற மாதிரி பிரம்மாண்டம் எல்லாம் கிடையாது. ஒரு பெரிய ராட்டினம், குதிரை ராட்டினம், மோதிக்கொள்ளும் கார், பனிமூட்டம் வந்தால் நிறுத்திவிடுகிற ஒரு குட்டி ரயில். டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டால் எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். பொன்னுத்தாய் பிறந்தது மேல்மலையில் பூண்டி, பூண்டு விவசாயக் குடும்பம். வாக்கப்பட்டது பள்ளங்கி. அங்கிருந்து தினமும் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "போர்டுல இல்லாதத நான் கேக்க மாட்டேன். போர்டுல இருக்கறத நீங்க மறைக்கக் கூடாது." அவ்வளவுதான். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் என்று போர்டில் போட்டிருக்கும். ஐந்து காலேஜ் பையன்கள் தாடியும் மீசையுமாக வந்து, "நாங்க ஒரே குடும்பம்க்கா, ரூம்ல ஒண்ணாத்தான் சமைக்கிறோம்" என்பார்கள். குடும்பம் என்றால் யார் யார் என்று போர்டில் போடவில்லை. போங்கப்பா என்று விட்டுவிடுவாள். ஆனால் மூன்றடிக்குக் கீழ் இருக்கிற பிள்ளைக்கு இலவசம் என்பதற்காக, பெரிய கார் வைத்திருக்கிற ஒரு மனிதர் தன் மகனை முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னாரே, அவரை மட்டும் விடவில்லை. "நிமிந்து நில்லுய்யா ராசா. ஒங்கப்பா டிக்கெட் எடுத்துருவாரு" என்றாள். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்படி எல்லா விதியையும் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு, ஒரே ஒரு வரி மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டே இருந்தது. பூங்காவின் முதலாளி குமரகுரு பழனிக்காரர். அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகப் பஞ்சாமிர்தக் கடை. அவர் மகன் ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து பிழைத்தபோது முருகனுக்கு ஒன்று நேர்ந்துகொண்டார். பூங்கா திறந்ததும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்: மொட்டையுடன் வரும் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் அனுமதி இலவசம்.

கவனித்தீர்களா? பழனியில் முடி காணிக்கை கொடுத்த மொட்டை என்று போடவில்லை. பழனியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு மொட்டை என்றாலே முருகனுக்குப் போட்ட மொட்டைதான். வேறு மொட்டை ஒன்று உலகத்தில் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாவம், நல்ல மனிதர்.

பொன்னுத்தாய்க்கு அந்த வரி உறுத்தியதற்குக் காரணம் வேறு. அவளும் பழனியில் மொட்டை போட்டவள்தான். ஒரு முறை இல்லை, மூன்று முறை. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. கல்யாணமாகி நாலாம் வருஷம் ஒன்று, ஏழாம் வருஷம் ஒன்று, பதினோராம் வருஷம் ஒன்று. ஒரு பிள்ளை கொடு என்று கேட்டாள். கொடுக்கவில்லை. நாலாவது முறை போகலாமா என்று புருஷன் சக்திவேல் கேட்டபோது, "போதும்ங்க. குடுக்கற எண்ணமிருந்தா மொத மொட்டைக்கே குடுத்துருக்கும்" என்று சொல்லிவிட்டாள். சாமி மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை அதற்கப்புறம் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் பிள்ளை முதலில் வந்தபோது ஏழு வயது இருக்கும். தலை நிறையச் சந்தனம், புதுப் பாவாடை. பழனியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். அம்மாக்காரி மகாதேவி, பள்ளத்தில் கேரட் கழுவும் ஷெட்டில் வேலை செய்கிறவள். சாயங்காலம் வெளியே வரும்போது அந்தப் பிள்ளை வாசலில் நின்று பொன்னுத்தாயிடம் சொன்னது:

"பெரிம்மா, ராட்டினத்துல மேல போனா எங்க வீடு தெரியுது! நீலத் தார்ப்பா போட்டுருக்கும், அது எங்க வீடு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஏறுனதில்லடி கண்ணு."

"இங்கயே இருக்கீங்க, ஏறுனதில்லையா?" அந்தப் பிள்ளை அவளை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தது. பெயர் லாவண்யா என்றது.

அரைப்பரீட்சை லீவில் மறுபடி வந்தார்கள். மறுபடி மொட்டை. இந்த முறை சந்தனம் இல்லை. வலது காதுக்குப் பின்னால் ஒரு வெட்டுக்காயம், அங்கங்கே கத்தி படாமல் விட்ட முடி. பழனியில் ஒரு நாளைக்கு நூறு தலை பார்க்கிறவர் கை இப்படிப் போடாது. பொன்னுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. போர்டில் இல்லாததைக் கேட்க மாட்டாள் என்றேனே, அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"எங்கடி போட்ட மொட்டை?"

"வீட்டுல பெரிம்மா. எங்கம்மாதான் போட்டுச்சு."

மகாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புன்னா போயிர்றோம்க்கா. டிக்கெட் எடுக்க நம்மளால ஏலாது. இவதான் நைநைன்னு அரிச்சு எடுத்துட்டா. போர்டுல மொட்டைன்னுதான போட்டுருக்கு, எந்த மொட்டைன்னு போடலையேன்னு இவளே வந்து சொல்றா."

"முடி தானா வளந்துரும் பெரிம்மா. ராட்டினம் தானா வருமா?" என்றது அந்தப் பிள்ளை.

"சந்தனம் பூசலையா?"

"அது சாமிக்குப் போட்டாத்தான் பூசணும்னு அம்மா சொல்லுச்சு."

பொன்னுத்தாய் கதவைத் திறந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குள் ஒரே வழக்கு. இது ஏமாற்றா? இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறார்கள். அப்படியானால் சரியா? அதுவும் இல்லை. முதலாளி நினைத்தது ஒன்று, இவர்கள் எடுத்துக்கொள்வது ஒன்று. ஆனால் ஒரு நாள் ராட்டினத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் மொட்டை மண்டை என்று கேலி வாங்குகிற பிள்ளையை என்ன சொல்ல? சும்மா வரவில்லையே, விலை கொடுத்துவிட்டுத்தானே வருகிறது. அடுத்த காலாண்டு லீவிலும் வந்தார்கள். அப்போதும் மொட்டை, அப்போதும் சந்தனம் இல்லை. பொன்னுத்தாய் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

இந்தச் சின்ன ஓட்டை இப்படியே கிடந்திருந்தால் ஒரு பாவமும் இல்லை. அடுத்த கோடை சீசனில் எவனோ ஒரு புண்ணியவான் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். கொடைக்கானலில் ஓசியில் சுற்ற ஒரே வழி, பிள்ளைக்கு மொட்டை அடி என்று. அவ்வளவுதான். வேனில் வந்த ஒரு கூட்டம் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி, வரிசையாக ஆறு பிள்ளைகளை உட்கார வைத்து மழித்துக் கூட்டி வந்தது. பிள்ளைகள் அழுத அழுகை இருக்கிறதே! வாசலில் எங்கு பார்த்தாலும் மொட்டை.

விஷயம் குமரகுரு காதுக்குப் போயிற்று. மனிதர் நொந்துவிட்டார். கோபத்தில் ஆளை அனுப்பி, பழைய வரிக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: சந்தனம் பூசிய மொட்டைக்கு மட்டும். மறுபடியும் பழனிக்காரர் புத்தியைப் பாருங்கள். சாமிக்குப் போடாத தலையில் ஒருவன் சந்தனம் பூசுவான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வரி எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்த்த டீக்கடையில் சந்தனப் பொட்டலம் தொங்கியது. வந்தவர்கள் டீ குடித்தார்கள், பொட்டலத்தைக் குழைத்தார்கள், பிள்ளை தலையில் அப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் வாசம் அடித்தது. என்ன சந்தனம் என்று போர்டில் போடவில்லை. பொன்னுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாக உள்ளே விட்டாள்.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மகாதேவி லாவண்யாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று காலையில்தான் மழித்த தலை, பளபளவென்று வெறுமையாக இருந்தது. மகாதேவி போர்டுக்கு முன்னால் நின்று சிவப்பு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்து அப்படியே நின்றாள்.

"என்னம்மா? வா, வெரசா உள்ள போவோம்" என்று பிள்ளை இழுத்தது.

பொன்னுத்தாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முடி போயாயிற்று. போன பிறகு வாசலை மூடுகிறோமே! அவள் நாற்காலிக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் சந்தனம் இருந்தது. பழனியிலிருந்து வந்த நிஜச் சந்தனம், தினமும் நெற்றிக்கு வைத்துக்கொள்வது. சட்டென்று எடுத்துத் தண்ணீர் தொட்டுக் குழைத்தாள்.

"இங்க வாடி. தலையக் குனி."

லாவண்யா ஒரு அடி பின்னால் போயிற்று. "வேணாம் பெரிம்மா."

"ஏன்டி? ஒரு நிமிசம்தான்."

"சாமிக்குப் போடல பெரிம்மா. ராட்டினத்துக்குத்தான் போட்டேன்."

பொன்னுத்தாயின் விரலில் சந்தனம் அப்படியே நின்றது. வெட்கமாகிவிட்டது அவளுக்கு. காலையிலிருந்து எத்தனை பேரை மனசுக்குள் ஏசினாள்? அதையே தானும் செய்யப் போனாளே, அதுவும் ஒன்பது வயதுப் பிள்ளை வந்து தடுக்கும்படி. விரலைச் சேலை முந்தானையில் துடைத்தாள்.

"நான் டிக்கெட் எடுத்துத் தர்றேன் மகாதேவி. நீ ஒண்ணும் நெனைக்காத" என்றாள்.

"வேணாங்க்கா." மகாதேவி குரல் தாழ்வாக இருந்தாலும் உறுதியாக இருந்தது. "இலவசம்னு போட்டுருந்ததால வந்தோம். ஒங்க காசுல ஏறணும்னு வரல. நீங்க இம்புட்டு நாள் விட்டதே பெருசு." தன் துண்டை எடுத்துப் பிள்ளை தலையில் சுற்றினாள். "வா புள்ள, போவோம்."

பிள்ளை அழவில்லை. ராட்டினத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தது. அழுதிருந்தால்கூடப் பொன்னுத்தாய் தாங்கியிருப்பாள்.

"போறதுதான் போறீங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வந்த வார்த்தை அது. டிக்கெட் ஜன்னலில் இருந்த ஆளைக் கொஞ்ச நேரம் வாசலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, காவல் அறைக்குள் உட்கார வைத்துத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். சோறும் பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும். மகாதேவி வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பிள்ளை பசியோடு வந்திருக்கும் போல, தட்டை வழித்துச் சாப்பிட்டது. "எங்க வீட்டுக் கொழம்ப விட நல்லாருக்கு" என்று ரகசியமாகச் சொன்னது.

அது சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த பொன்னுத்தாயின் கண், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதத்துக்குப் போயிற்று. பணியாளர்களுக்கான விதிகள். பதினோரு வருஷமாக அங்கேயே ஒட்டிக் கிடக்கிற காகிதம். அதில் ஆறாவது: பணியாளர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு மாதம் ஒரு நாள் அனுமதி இலவசம். பதிவேட்டில் பெயர், வயது, உறவு எழுதவும். மற்றவர்கள் பக்கமெல்லாம் மகன், மகள், பேத்தி என்று நிறைந்து வழியும். பொன்னுத்தாய்க்கு ஒதுக்கிய பக்கம் மட்டும் கடையில் வாங்கினபடி வெள்ளையாகக் கிடக்கும்.

அவள் எழுந்து பதிவேட்டை எடுத்தாள். வேலைக்கே உலை வைக்கக் கூடிய காரியம் என்று தெரியும். போனால் போகட்டும் என்று எழுதினாள். லாவண்யா. வயது ஒன்பது. உறவு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து இப்படி எழுதினாள்: எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்ட பிள்ளை.

"கையக் கழுவிட்டு வா. ராட்டினத்துல ராமர் மாமா இருப்பாரு, பத்திரமா ஏத்தி விடுவாரு. அம்மாவுக்கு இதுல எடமில்ல, அம்மா எங்கூட இங்க இருக்கட்டும்" என்றாள். மகாதேவிக்கு வாய் திறக்க நேரம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்தப் பிள்ளை அன்றைக்குப் பதினேழு சுற்றுப் போயிற்று. மேலே போகும்போதெல்லாம் கையை ஆட்டியது. மொட்டைத் தலை வெயிலில் மின்னியதால் கீழேயிருந்து கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. இரண்டு பெண்களும் வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மூடுவதற்கு முன்னால் குமரகுரு வந்தார். கூட்டம் எப்படி என்று பார்க்க வந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா பொன்னுத்தாய், இது என்ன ஒறவு?"

"எழுதியிருக்கறதுதாங்க மொதலாளி. மத்தியானம் நம்ம சட்டியில சாப்புட்டுச்சு."

"ஒங்களுக்குப் புள்ள இல்லையேம்மா."

"பெத்த புள்ளன்னு விதியில போடலைங்களே. வீட்டுப் புள்ளன்னுதாங்க போட்டுருக்கு."

அவருக்கு முகம் சிவந்தது. "நீங்களுமா? பதினோரு வருசமா ஒங்கள நம்பித்தான வாசல விட்டுருக்கேன்? இத நான் ஒத்துக்கிட்டா நாளைக்கு ஊரே ஒங்க வீட்டுல சாப்புட்டுட்டு வந்து நிக்கும்."

"வந்தா எனக்கு ஒல வச்சுக் கட்டுபடியாகாதுங்க" என்று சொல்லிவிட்டாள் பொன்னுத்தாய். "ஓட்டையிலதாங்க விட்டேன், இல்லேங்கல. தப்புன்னா சொல்லிருங்க, நாளையிலேருந்து நின்னுக்கிறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. இன்னைக்குச் சந்தனம் பூசிக்கிட்டு வந்த அத்தனையும் டீக்கடைப் பொட்டலம். போர்டுல போட்டபடி நான் விட்டேன். இந்தப் புள்ளையும் வீட்டுல போட்ட மொட்டைதான். நானே சந்தனத்தக் கொழச்சுக்கிட்டுப் போனேன். சாமிக்குப் போடல, பூச மாட்டேன்னுருச்சுங்க. பொய் சொன்னவுகள உள்ள விட்டுட்டு, சொல்லாததத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா? அது எனக்கு ஏலலைங்க."

குமரகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூச மாட்டேன்னுச்சா?" என்று மட்டும் ஒரு முறை கேட்டார். அப்புறம் பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் மற்றவர்களுக்குப் போடுகிற மாதிரியே சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ஆள் வந்து போர்டில் அந்த இரண்டு வரியையும் வெள்ளையடித்து மறைத்தான். சாமிக்கு நான் நேர்ந்தது ஊரையே பொய் சொல்ல வைத்துவிட்டது, இலவசத்துக்கு விட்ட பணத்துக்கு இனிமேல் பழனியில் அன்னதானம் போட்டுக்கொள்கிறேன் என்று முதலாளி சொன்னாராம். டீக்கடைக்காரருக்குத்தான் சந்தனப் பொட்டலம் தேங்கிவிட்டது.

பொன்னுத்தாய்க்கு நிம்மதி வரவேண்டும்தானே? வரவில்லை. மொட்டை வரி போய்விட்டது என்று கேள்விப்பட்டு அவர்கள் வராமல் போய்விடுவார்களே என்று மனசு அடித்துக்கொண்டது. மாதம் ஒரு நாள் வரலாம் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்ப மறந்து தொலைத்திருந்தாள். கேரட் ஷெட்டுக்கு ஒரு நாள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். மழைக்கு ஷெட்டை மூடியிருந்தார்கள். வேலைக்காரர்கள் மேல்மலைப் பக்கம் பூண்டு எடுக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தூக்குச்சட்டியில் சோறு கூடுதலாக ஏறிற்று. சக்திவேல் பார்த்துவிட்டு, "யாருக்குடி இம்புட்டு?" என்று கேட்டார்.

"ஒரு மொட்டைக்கு."

அவர் ஞாயிறு காலைகளில் தானே பீன்ஸ் ஆய்ந்து வைக்க ஆரம்பித்தார். வாசலில் எந்தப் பிள்ளை மொட்டைத் தலையோடு வந்தாலும் பொன்னுத்தாய் எழுந்து நின்று பார்ப்பாள். காதுக்குப் பின்னால் பார்ப்பாள். பிறகு உட்கார்ந்துகொள்வாள்.

பொங்கல் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். ஒரு பெண் பிள்ளை வாசலுக்கு நேரே வந்து நின்றது. சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சடை, சிவப்பு ரிப்பன், கையில் ஒரு தூக்குச்சட்டி. பொன்னுத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாதும்மா. டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க." பிள்ளை டிக்கெட்டை நீட்டியது. உள்ளே போகாமல் நின்றது.

"அப்பறம் என்ன? பின்னால ஆள் நிக்கிதுல்ல, நகரு கண்ணு."

"இது உள்ள கொண்டு போறதுக்கில்ல பெரிம்மா. ஒங்களுக்கு. எங்க வீட்டுச் சோறு."

பொன்னுத்தாய் நிமிர்ந்தாள். யாரென்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவள் அந்த முகத்தை ஒரு நாளும் முடியோடு பார்த்ததில்லையே! பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு பக்கத்துச் சடையைத் தூக்கிக் காட்டியது. வலது காதுக்குப் பின்னால் மெலிசாக ஒரு தழும்பு.

"அடிப் பாவி மவளே!" என்று கத்திவிட்டாள் பொன்னுத்தாய். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

தள்ளி நின்ற மகாதேவி பக்கத்தில் வந்தாள். "பூண்டு எடுப்புல இந்த வருசம் நல்ல வேலைங்க்கா. இந்தத் தடவை டிக்கெட் எடுத்துத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா, இவளுக்கு மட்டும் எடுத்தேன். அன்னைக்கு ஒங்க சோத்தத் தின்னாளாம், திருப்பிக் குடுக்கணுமாம்."

"டிக்கெட்டா? எங்க வீட்டுப் புள்ளைக்கு டிக்கெட்டா?" பொன்னுத்தாய்க்கு அழுகைக்கு நடுவில் கோபமும் வந்தது. பிள்ளை கையிலிருந்த டிக்கெட்டை வாங்கி மகாதேவி கையில் திணித்தாள். "இத வச்சு நீ உள்ள போ. அன்னைக்கு ஒனக்கு எடமில்லாமப் போச்சுல்ல. இவளுக்கு நான் இருக்கேன்."

காவல் அறைக்குள் போய்ப் பதிவேட்டை எடுத்தாள். அவள் பக்கத்தில் அந்த ஒரே வரி தனியாகக் கிடந்தது. அதற்குக் கீழே எழுதினாள். லாவண்யா. வயது பத்து. உறவு, மகள்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தது. "போன தடவ நெறைய எழுதியிருக்கீங்க பெரிம்மா. இப்ப ஒண்ணுதான் எழுதியிருக்கீங்க?"

"அப்ப வழக்குப் பேச வேண்டியிருந்துச்சுடி. நீ போய் ஏறு" என்று சொல்லிவிட்டு, பொன்னுத்தாய் அவர்கள் வீட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள்.